சிவப்பு மாத்திரை

பல் மருத்துவர் கொடுத்த மாத்திரையை அப்பாவும் மகளும் மென்றுவிட்டார்கள். பல்லில் அழுக்கு எங்கே தங்கியிருக்கிறதோ, அங்கே சிவப்பு ஒட்டிக்கொள்ளும். "பிரஷ்ஷை நனைச்சு வச்சுட்டு, தேய்ச்சேன்னு புளுகுறா, டாக்டர். இன்னைக்கு இவ குட்டு வெளிப்படட்டும்" என்று சற்றுமுன் குதித்தவர் அப்பாதான். நாற்காலிக்கு மேலே எரியும் விளக்கில் கண் கூசுகிறது. மகள் கண்ணாடியைப் பிடித்து, ஈ என்று இளிக்கிறாள். கடைவாயில் மட்டும் ஒரு பொட்டுச் சிவப்பு. "நல்லாத்தானே தேய்க்கிறே!" என்கிறார் மருத்துவர். கண்ணாடி அப்பாவின் கைக்கு வருகிறது. எச்சில் உறிஞ்சும் குழாய் உஸ்ஸென்று இரைந்துகொண்டே இருக்கிறது. அப்பா வாயைத் திறக்கவில்லை. "ஈ காட்டுங்கப்பா" என்கிறாள் மகள். அவர் தாடை இறுகுகிறது. அவள் அப்பாவின் காதருகே வந்து கிசுகிசுக்கிறாள்: "நீங்களும் நனைச்சுதான் வச்சீங்களா?" இறுக மூடிய உதட்டோரம் சிவப்பாக ஒரு துளி வழிகிறது.