மடங்கிய முழங்கால்

வாசலில் கட்டி வைத்த பாடையின் பச்சை மூங்கிலில் சாயங்கால வெயில் மினுங்குகிறது. அதில் கிடத்த வேண்டிய செல்லப்பாண்டி வீட்டுக்குள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். கிடத்தினால் முழங்கால்கள் மடங்கியபடியே தூக்கி நிற்கின்றன. காலையில் மலைமேல் ஏலக்காய்த் தோட்டத்தில் சரிந்து செத்தவரை, மாநில எல்லைச் செக்போஸ்ட்டில் கேள்வி வரக்கூடாதென்று, வேலையாட்கள் மலையிறங்கும் நேரம்வரை ஜீப்பிலேயே உட்கார வைத்திருந்து, தலையில் துண்டு கட்டி, ஆட்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். வந்தவர்கள் யாரும் அவர் மனைவி சுருளியம்மாளின் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் தரையில் அமர்ந்து புருசனின் காலில் வேப்பெண்ணெய் தேய்க்கிறாள், அவர் வேலை முடிந்து வரும் சாயங்காலங்களில் தேய்ப்பதுபோலவே. கெண்டைச்சதை விறகாக இருக்கிறது.

"தேய்ச்சா விடாதும்மா," என்கிறாள் நர்சிங் படிக்கும் மகள் திரிஷா. "சதை இறுகுறதுக்கு மட்டுமில்ல, எளகுறதுக்கும் தெம்பு வேணும். மூச்சு நின்னா அந்தத் தெம்பு ஊறாது."

"பெறகு எப்பத்தான் விடும்?"

"நாளைக்குச் சதை நைஞ்சு தன்னால விட்டுரும்."

"முட்டியில ஏறி அமுக்கிருவமா?" ஜீப் டிரைவர் தயங்கிக் கேட்கிறார்.

சுருளியம்மாளின் கை நிற்கிறது. எண்ணெய் சொட்டுகிறது.

"வேணாம். தோட்டத்துல ஒரு நிமிசம் உக்கார விடமாட்டாக. இப்பவாச்சும் உக்காந்திருக்கட்டும்."