பயந்தாங்கொள்ளி

"எனக்கா? பயமா?" வெல்டர் வாய்விட்டுச் சிரித்தார். "இருக்கற அணு உலைக்குப் பக்கத்துல இன்னும் நாலு கட்டட்டுமே. கரண்ட் வேணுமா, வேண்டாமா?"

அணு உலை பற்றி ஊர்மக்கள் கருத்தைக் கணக்கெடுக்க வந்தவள் 'பயமில்லை' என்ற கட்டத்தில் டிக் அடித்தாள். அந்தத் தெருவில் ஆண்கள் பதினேழு பேரும் இதையேதான் சொல்லியிருந்தார்கள்.

"அவருக்கென்ன, வாய்க்கு வந்ததைச் சொல்வாரு." சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "உலைக்குள்ள போறேன்னு கிளம்பட்டும், பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு அம்மா வீட்டுக்கு நடையைக் கட்டிடுவேன்."

"கேட்டியா தங்கச்சி?" வெல்டர் தலையில் அடித்துக்கொண்டார். "உலையை நிறுத்திட்டு உள்ளே குழாய் மாத்தப் போறாங்க. எட்டு வெல்டர்ல நானும் ஒருத்தன். முடிச்சுட்டு வந்தா ஃபோர்மேன் ஆக்கறதாச் சொன்னாங்க. மகராசி நேரா இன்ஜினீயர் ரூமுக்கே போய் ஒப்பாரி வெச்சு, என் பேரை அடிக்க வெச்சுட்டா. பிளான்ட்டு முழுக்க இவளுக்குப் பயந்தாங்கொள்ளின்னே பேரு."

"அக்கா வேலைக்குப் போறாங்களா?"

"அதே பிளான்ட்டுதான். சலவைப் பிரிவு. உள்ளே போய் வர்றவங்க உடுப்பைத் துவைச்சு, கதிர்வீச்சு ஒட்டியிருக்கான்னு மீட்டர் வெச்சுப் பார்க்கறதே இவதான். பதினோரு வருஷமாச்சு, இன்னும் பயம் தெளியலை. பொம்பளைங்களே இப்படித்தான்."

'நல்ல சந்தர்ப்பம் போச்சே, பாவம் மனுஷன்' என்று கணக்கெடுக்க வந்தவளுக்கும் தோன்றியது.

மனைவியிடம் தனியாகத்தான் கேட்க வேண்டும், கணவர் காதில் விழக்கூடாது என்பது கணக்கெடுப்பு விதி. சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

"உங்களுக்கு 'ரொம்பப் பயம்'. டிக் போட்டுடட்டுமாக்கா?"

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. "பயமில்லைன்னு போடு."

"இப்பதானேக்கா..."

"மெதுவாப் பேசு." எழுந்து குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் சடசடவென்று பாத்திரத்தில் கொட்டியது. "மீட்டர் முள்ளைத் தினம் பார்க்கறவ நான். எதுக்குப் பயப்படணும், எதுக்கு வேண்டாம்னு எனக்குத் தெரியாதா?"

"அப்போ இன்ஜினீயர்கிட்ட அழுதது?"

கூடத்திலிருந்து வெல்டர் சத்தம் போட்டார். "இன்னுமா முடியலை? பயத்தைப் பத்திக் கேட்டா அவ நாள் பூரா பேசுவா தங்கச்சி!"

மனைவி லேசாகச் சிரித்தாள்.

"பட்டியல்ல பேர் வந்த அன்னிலேருந்து அவருக்கு ஒரு வாய் சோறு இறங்கலை. மத்த ஏழு பேர் முன்னாடி ஆம்பளை வாயால பயமா இருக்குன்னு சொல்ல முடியுமா? அதான், அவர் பயத்தை நான் என் பேர்ல போட்டுக்கிட்டேன்."