சமாதான பாட்டில்

"அறுபது பக்கக் காப்புரிமையை எவன் உக்காந்து படிப்பான்? செடியைப் பாருங்க மேடம், பச்சைப் பசேல்னு நிக்குது. இதுல இந்தம்மாவோட சுவிட்சு எங்க இருக்கு?"

விதை வியாபாரி ஒபிரி, மேசைமேல் இருந்த தக்காளித் தொட்டியைத் தட்டிக்கொண்டே கேட்டார். குமாசி நகரத்து விசாரணை அறையே சிரித்தது.

செர்வா சிரிக்கவில்லை. செடிக்குள் தூங்கும் மரபணுவை வேண்டும்போது எழுப்பும் அந்த 'சுவிட்சை'க் கண்டுபிடித்தவள் அவள். ஆய்வுக்கூடமே கதியென்று கிடந்து வாங்கிய காப்புரிமை. அவள் வயலில் காணாமல்போன செடிதான் ஒபிரியின் 'புது ரகமாக' இங்கே வந்து நிற்கிறது. அதை நிரூபிக்கத்தான் வழியில்லை.

"செடியைச் சோதிக்க விடுங்களேன்," என்றார் விசாரணை அதிகாரி அன்சா அம்மாள்.

"தொழில் ரகசியம் மேடம். என் செடிமேல நான் மட்டும்தான் கை வைப்பேன்."

சட்டமும் அப்படித்தான் சொன்னது. "சரி, திங்கக்கிழமை தீர்ப்பு. அதுவரைக்கும் செடி இங்கயே பூட்டியிருக்கட்டும்."

செர்வா எழுந்தாள். கைப்பையிலிருந்து ஒரு பாட்டில் பனைச்சாராயத்தை எடுத்து ஒபிரியிடம் நீட்டினாள்.

"சண்டை போதும் ஐயா. வாங்கிக்குங்க."

ஒபிரிக்கு வாயெல்லாம் பல். "சமாதான பாட்டிலா! தப்பு பண்ணினவங்கதானே இதைக் கொண்டு வருவாங்க? எல்லாரும் பார்த்துக்குங்கப்பா, டாக்டரம்மா ஒத்துக்கிட்டாங்க!"

"முன்னோர்களுக்கு மண்ணுல ஊத்தாம குடிச்சிடாதீங்க," என்றாள் செர்வா, தலையைக் குனிந்தபடி.

"அது தெரியாதா எனக்கு?" ஒபிரி சுற்றுமுற்றும் பார்த்தார். தரையெல்லாம் டைல்ஸ். அறையில் மண் இருந்தது அந்தத் தொட்டியில் மட்டும்தான்.

"தாத்தாமார்களே, வாங்க, குடிங்க! ஜெயிச்சது உங்க பிள்ளை!" தொட்டி மண்ணில் மூன்று முறை பாட்டிலைச் சாய்த்தார்.

திங்கட்கிழமை அன்சா அம்மாள் கதவைத் திறந்தார். பச்சைச் செடி அடி முதல் நுனி வரை ரத்தச் சிவப்பாக நின்றது.

ஒபிரியின் முகம் பேயறைந்தது போலாயிற்று. "அடிப்பாவி, என்ன சூனியம் வெச்சே?"

அதிகாரி சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டார். செர்வா அடக்கவில்லை. வாய்விட்டே சிரித்தாள்.

"சாராயம் பட்டா என் சுவிட்சு முழிச்சுக்கும், இலை சிவக்கும்னு காப்புரிமையோட முதல் பக்கத்துலயே இருக்கே ஐயா! போங்க, இப்போ சமாதான பாட்டில் வாங்கிட்டு வர்றது உங்க முறை."