டிபன் டப்பா கொடுத்த வாக்கு

ஸ்பீக்கர் பெட்டியில் மேல்வீட்டில் கீச்சுக்குரல் ட்வீட்டர், கீழ்வீட்டில் இடிக்குரல் ஊஃபர். இரண்டுக்கும் ஒரே ஆம்ப்ளிஃபயர். அதன் பலத்தையெல்லாம் ஊஃபரே வாரிக்கொள்ளும். "நீ பாடுறது யார் காதுல விழுது, பொடியா?" என்று கேலி வேறு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் இருதயராஜ் ஆளுக்கொரு ஆம்ப்ளிஃபயர் கொடுத்தார். அவற்றுக்கு முன்னால், சத்தத்தை மெல்லிசு, தடிப்பு என்று பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவரைத் தானே ஒரு டிபன் டப்பாவுக்குள் செய்து உட்காரவைத்தார். அப்புறம், தடித்த சத்தம் ஏறிவராமல் ட்வீட்டருக்குக் காவலாக நின்ற பழைய கெப்பாசிட்டரை, இனி வேண்டாமென்று கத்தரித்து எறிந்தார். ட்வீட்டருக்குப் பாதி உயிர் போய்விட்டது.

"ஐயோ, ஒரு தவில் அடி நேரா வந்தா நான் கருகிப்போயிடுவேனே!"

"வராது," என்றது டப்பா. "தடிச்ச சத்தத்தை வாசல்லயே பிரிச்சுக் கீழ அனுப்பிடுவேன். நீ தைரியமாப் பாடு."

பாட்டு தொடங்கியது. தவில் முழங்கியது. ட்வீட்டர் கண்ணை இறுக மூடிக்கொண்டது. அடி அத்தனையும் கீழ்வீட்டோடு நின்றுவிட்டது. மேலே வந்ததெல்லாம் ஒரு மெல்லிய கொலுசுச் சத்தம்தான். ட்வீட்டர் பயத்தை உதறிவிட்டு அதைத் தொண்டை திறந்து பாடியது.

அடுப்படியிலிருந்து கரண்டியும் கையுமாக ஓடி வந்தாள் இருதயராஜின் மனைவி லூர்து. "ஏங்க, இருபது வருஷமா கேக்குற பாட்டு. இதுல கொலுசு எப்பங்க வந்துச்சு?"

பதிலுக்கு ட்வீட்டர் இன்னொரு தரம் ஜல்லென்று குலுக்கிக் காட்டியது.