மிருணாளினியின் கோபம்

“என்ர மகள் இண்டைக்குத் தன்ர வலையடியில நிண்டபடியே கோல் அடிப்பாள், பாருங்கோ!” ரஞ்சினி போட்ட சத்தத்தில் மெல்பேர்ன் ஐஸ் தளத்துக்கே குளிர் எடுக்கிறது. “கோல்கீப்பர் கோல் அடிக்கிறதோ? விசர்க்கதை கதையாதையும்,” என்கிறார் கணவர் இந்திரகுமார். சீசன் முழுக்கத் தோற்ற பல்கலைக்கழகப் பெண்கள் ஐஸ் ஹொக்கி அணிக்கு இது கடைசி ஆட்டம். ஒரு கோலாவது போட்டு மானத்தைக் காக்க வேண்டும். எதிரணிப் பெண்களோ சிரித்துச் சிரித்தே அடிக்கிறார்கள். வலையடியில் நிற்கும் மகள் மிருணாளினியின் மூச்சு முகக்கவசத்துக்குள்ளிருந்து கரிரயில் புகையாகக் கிளம்புகிறது. அந்தப் பக்கத்துக் கோல்கீப்பர், இனி என்ன வரப்போகிறது என்று முதுகைக் காட்டித் திரும்பி, வலைமேல் வைத்த தண்ணீர்ப் போத்தலை எடுக்கிறாள். தன் வலையடிக்கு வந்த வட்டைப் பார்த்து, பல்லைக் கடித்தபடி மிருணாளினி மட்டையை வீசுகிறாள். கறுப்பு வட்டு தளம் முழுவதையும் கீறிக்கொண்டு பறந்து அந்த வலைக்குள் விழுகிறது. “இப்ப சிரியுங்கோவன்டி!” ஆங்கிலத்திலேயே வளர்ந்தவளுக்கு ஆத்திரம் மட்டும் தமிழில் வருகிறது. ஆட்டம் என்னவோ தோல்விதான். இந்திரகுமார் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். “ஓம் இஞ்சாரும், அடிச்சுத்தான் போட்டாள்,” என்கிறார் மனைவியிடம்.