அவசர மனு

கம்பெனி நொடித்துப் போகாமல் இருக்க, ஓராண்டுக்கு யாரும் அதனிடம் கடனைத் திருப்பிக் கேட்கக் கூடாது என்று அரசு ஆணை போட்டிருக்கிறது. அதை எதிர்த்து, கம்பெனிக்குப் பணம் கொடுத்த நாங்கள் அறுபது பேர் நீதிமன்றத்தில் நிற்கிறோம். ஜன்னல் வெயில் கம்பெனி வக்கீலின் மேசையோடு நின்றுவிடுகிறது. எங்கள் பக்கம் மின்விசிறி கிறீச்சிடுகிறது. யாருக்குப் பணம் ஏன் அவசரம் என்று எழுத்தர் வரிசையாக வாசிக்கிறார். "நாற்பத்தொன்று. புற்றுநோய்ச் சிகிச்சைக்கு." நான் எழுந்து நிற்கிறேன். "டெபாசிட் ஒரு பெண் பேர்ல இருக்கே?" என்கிறார் நீதிபதி. "என் மனைவி, ஐயா. போன மாசம் இறந்துட்டாங்க." கம்பெனி வக்கீல் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே எழுகிறார். "அப்போ இவருக்கு அந்த அவசரம் இல்லையே, ஐயா." குரலில் கேலி இல்லை, சட்டையில் பொத்தான் கழன்றிருப்பதைச் சொல்பவரின் தொனி. அரசு வக்கீல் தலையாட்டுகிறார். நீதிபதியின் பேனா நகர்கிறது. நான் இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறேன். பின்னாலிருந்து ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், கூப்பிடுவதற்கு முன்பே பெஞ்சைத் தள்ளிக்கொண்டு எழுகிறார். "நாப்பத்திரண்டு நான்தாங்க. கிட்னி ரெண்டும் போச்சு. கம்பெனிக்கு கவர்மென்ட் ஒரு வருஷம் குடுத்துச்சு. எனக்கு டாக்டர் ஆறு மாசந்தான் குடுத்திருக்கார். இன்னும் சாகல. அதையும் எழுதிக்குங்க."