பத்தடி தூரம்

எசக்கிமுத்து ஸ்கூட்டர் திருடிச் சிறைக்குப் போனவன். நன்னடத்தை நிபந்தனைகளோடு வெளியே விட்டபோது அவனைக் கண்காணிக்க, காலில் பேசும் பட்டை ஒன்றை மாட்டிவிட்டார்கள். மாலை ஆறு மணிக்குமேல் வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது. வழக்குப் பதிவான யாருக்கும் பத்தடிக்குள் இருக்கக் கூடாது. எட்டு மாதமாக அவன் எதையும் மீறவில்லை.

அன்று மில்லில் வேலை முடியத் தாமதமானது. அவன் ஆறு மணிக்குள் வீடு சேரவேண்டுமே என்ற பதற்றத்தில் மனைவி செண்பகம் ஹெல்மெட்டை மறந்து, ஸ்கூட்டரில் பறந்து வந்து ஏற்றிப்போனாள். இரண்டு நிமிடம் மிச்சமிருக்க வீட்டுக்குள் நுழைந்தார்கள்.

ஆறேகாலுக்கு அவள் தோசை பரிமாறும்போது பட்டை பணிவாகப் பேசியது. "அருகில் இருப்பவர்மீது சிக்னல் கேமரா மூலம் ஹெல்மெட் வழக்குப் பதிவாகியுள்ளது. பத்தடி விலகவும்."

"திருட்டுப்பயல கட்டாதன்னு எங்கம்மா தலபாடா அடிச்சுக்கிட்டா," என்றாள் செண்பகம். "இப்ப நான்தான் சேரக்கூடாத ஆளாக்கும்!"

வீடே எட்டடி அறைதான். சுவரோடு ஒட்டிக்கொண்ட எசக்கிமுத்து, "நீ வேணா கொஞ்சம் வெளிய நில்லேன்," என்றான்.

"எவ்வளவு நேரம்?"

பட்டையே பதில் சொன்னது. "வழக்கு முடியும்வரை. சராசரியாக மூன்று வருடம்."

செண்பகம் தட்டை எடுத்துவந்து அவனை இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"நிபந்தனை மீறல். பதியட்டுமா?"

"நல்லா பதிஞ்சுக்கோ," என்றாள் அவள், தோசையைப் பிய்த்து அவன் வாயில் திணித்தபடி. "ஜெயில்ல ரெண்டு பேரையும் ஒரே ரூம்ல போடுவாவளான்னு மட்டும் கேட்டுச் சொல்லு."